பதிவு எண் இல்லாமல் பதினோரு வருடம்

என் மனைவி நர்ஸ். நான் லேப் டெக்னீஷியன். மதுரையில் ஒரே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தோம். வார்டில் அவள் எடுக்கிற ரத்தம் கீழே என் பெஞ்சுக்கு வரும். 2017இல் இங்கிலாந்து போகலாம் என்று முடிவு செய்து ஆளுக்கொரு விண்ணப்பத்தைத் திறந்தபோது, இரண்டிலும் ஒரே கேள்வி இருந்தது. உங்கள் ஊரில் உங்களைப் பதிவு செய்திருக்கும் அமைப்பு எது, பதிவு எண் என்ன?

அவளிடம் பதில் இருந்தது. தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சில், 1926ஆம் வருடத்துச் சட்டத்தில் பிறந்தது. படிப்பு முடித்த கையோடு பதிந்து, நம்பர் வாங்கி, லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தாள். இங்கிலாந்து நர்ஸிங் கவுன்சில் கேட்டது, தமிழ்நாட்டுக் கவுன்சில் பதில் எழுதியது, முடிந்தது கதை.

என் கட்டம் காலி. பி.எஸ்சி. எம்.எல்.டி., அதாவது மருத்துவ லேப் டெக்னாலஜி, முடித்து 2007இல் வேலைக்குச் சேர்ந்தவன். பதினோராவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரருக்குக்கூட 1948இலேயே பார்மசி சட்டம் வந்துவிட்டது. பக்கத்தில் கேரளாவிலாவது ஒரு பாராமெடிக்கல் கவுன்சில் இருந்தது. நான் லேப் டெக்னீஷியன் என்பதற்கு என் சம்பளச் சீட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. "உங்களை யாருக்கும் தெரியாது போலிருக்கே" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் நான் வேலை பார்த்தது ஒரு சின்ன லேபில். அங்கே பத்தாலஜிஸ்ட் வாரத்துக்கு ஒரு தடவை வருவார். வந்ததும் வெறும் லெட்டர்பேடுக் கட்டை எடுத்துக் கொடுப்போம். வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்த வாரம் முழுக்க நான் பார்த்த ரிசல்ட்டை அந்தத் தாள்களில் பிரின்ட் எடுப்போம். முதுகலை பத்தாலஜி படித்த டாக்டர்தான் லேப் ரிப்போர்ட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கட்டுதான் ஞாபகம் வந்தது. ரிசல்ட் என்னுடையது, கையெழுத்து அவருடையது. தப்பு வந்தால் அது யாருடையது என்று ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை என்பதுதான் வெட்கம்.

2018இல் மனைவி முதலில் வந்தாள். ஆறு மாதம் கழித்து டிபென்டன்ட் விசாவில் நான். இங்கே லேபில் ரிசல்ட் வெளியிடுகிறவருக்குப் பெயர் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட். அவரைப் பதிவு செய்வது எச்.சி.பி.சி. (ஹெல்த் அண்ட் கேர் புரொபஷன்ஸ் கவுன்சில்) என்கிற அமைப்பு. ரேடியோகிராபர், பிசியோதெரபிஸ்ட், பாராமெடிக் என்று பதினைந்து தொழில்களுக்கு அது ஒன்றுதான். அதில் பெயர் இல்லாமல் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வேலை கிடைக்காது என்பதோடு நிற்கவில்லை, சொல்லிக்கொள்வதே குற்றம்.

பதிவு கிடைக்கும் வரை சும்மா இருக்க முடியாது என்று ஒரு ஆஸ்பத்திரி லேபில் எம்.எல்.ஏ. ஆனேன். ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், எல்லோரும் சிரித்தார்கள். மெடிக்கல் லேபரட்டரி அசிஸ்டன்ட் என்பதன் சுருக்கம் அது. பேண்ட் 2 சம்பளம், இங்கே அரசு ஆஸ்பத்திரிச் சம்பள வரிசையில் கீழ்ப்படி. வந்த சாம்பிளைப் பிரித்து, பார்கோடு ஒட்டி, சென்ட்ரிபியூஜில் போட்டுக் கொடுக்க வேண்டும். பதினோரு வருடம் ரிசல்ட் பார்த்தவனுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது கொஞ்சம் உறைத்தது. ஆனால் அங்கேதான் ஒரு பாடம் கிடைத்தது. ரத்தம் ஏற்றுவதற்கான குரூப்பிங் சாம்பிள், ரோஸ் மூடி போட்ட குழாய். அதன் லேபிளைக் கையால்தான் எழுத வேண்டும். பிறந்த தேதியில் ஒரு எண் மாறியிருந்தாலும் குப்பைதான், திரும்ப ஊசி குத்தித்தான் ஆக வேண்டும். டாக்டரே போன் செய்து கெஞ்சினாலும், சாம்பிள் வாங்கும் ரிசப்ஷனில் இருக்கும் இருபது வயதுப் பெண் "முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். ஊரில் நான் எத்தனை குழாயின் லேபிளை, வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டு, நானே பேனாவால் திருத்தியிருப்பேன்!

சேர்ந்த இரண்டாவது வாரம் லேப் மேனேஜர் கூப்பிட்டார். என் ஈமெயிலின் கீழே பெயருக்கு அடியில் 'மெடிக்கல் லேபரட்டரி டெக்னீஷியன்' என்று போட்டிருந்தேன். ஊரில் போட்டதுதான், பழக்கதோஷம். "இதை இப்போதே எடுத்துவிடு" என்றார். சயின்டிஸ்ட் என்றா போட்டேன், டெக்னீஷியன் என்றுதானே என்று கேட்டேன். அவர் எச்.சி.பி.சி. பட்டியலைத் திறந்து காட்டினார். பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்ற பெயருக்குக் கீழே, சட்டப் பாதுகாப்பு உள்ள இன்னொரு பெயராக மெடிக்கல் லேபரட்டரி டெக்னீஷியன் இருந்தது. பழைய நாளில் இந்தத் தொழிலுக்கு இங்கே இருந்த பெயராம், இன்னும் விடவில்லை. கேட்பாரில்லாமல் பதினோரு வருடம் நான் போட்டுத் திரிந்த பெயரை, இங்கே பதிவு இல்லாமல் போட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். பதிவு இல்லாதவர்கள் யாராவது இதைப் படித்தால், லிங்க்ட்இன்னில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

2019 ஜனவரியில் இரண்டு வாரம் லீவ் போட்டு ஊருக்குப் போனேன். பொங்கலுக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நான் போனது கல்லூரி ஆபீஸுக்கு. எச்.சி.பி.சி.க்கு டிகிரி சர்ட்டிபிகேட் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்றுக்கொடுத்தார்கள், தியரி எத்தனை மணி நேரம், பிராக்டிக்கல் எத்தனை மணி நேரம், ஆஸ்பத்திரிப் பயிற்சி எத்தனை வாரம், யார் மேற்பார்வை என்று கல்லூரியே நிரப்பி சீல் வைத்துத் தர வேண்டும்.

ஆபீஸ் சூப்பிரண்டு பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, மார்க் ஷீட்ல மார்க் இருக்கு. மணி எங்க இருக்கு?"

நியாயமான கேள்விதான். மணி எங்கேயும் இல்லை. துறைத் தலைவரைப் பார்க்கச் சொன்னார். அந்த மேடம், "நான் இங்க சேர்ந்ததே 2014லதான் சார். 2005ல நீங்க என்ன செஞ்சீங்கன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. வெறும் லெட்டர்பேடில் கையெழுத்து வாங்கிப் பழகியவனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? இப்போது யோசித்தால், அந்தக் கட்டிடத்தில் தொழில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

பழைய சிலபஸ் புத்தகம் கோடவுனில் கிடைத்தது, ஓரமெல்லாம் கரையான். அதில் தியரி, பிராக்டிக்கல் மணிக்கணக்கு இருந்தது. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு? என் ரெக்கார்டு நோட்டுகளையெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அம்மா ஒன்றே ஒன்றை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள், ஹெமட்டாலஜி ரெக்கார்டு, பிரவுன் அட்டை போட்டது. நியூட்ரோபில் படம் அழகாக இருந்ததால் தூக்கிப் போட மனசு வரவில்லையாம். அதற்குள் நாலாக மடித்து இன்டர்ன்ஷிப் போஸ்டிங் சார்ட் இருந்தது. பன்னிரண்டு மாதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தப் பிரிவு, ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பிரிவின் தலைவர் கையெழுத்து. அதைப் பார்த்ததும் அந்த மேடம் வேறு வார்த்தை பேசாமல் பேனாவை எடுத்தார்.

அதனால் இன்று படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். போஸ்டிங் சார்ட்டையும் சிலபஸையும் கல்லூரியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே சீல் வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள். டிகிரி சர்ட்டிபிகேட் தொலைந்தால்கூட பல்கலைக்கழகத்தில் நகல் வாங்கலாம். அந்த நாலாக மடித்த தாளுக்கு நகல் கிடையாது. வேலை அனுபவச் சான்றிதழும் அப்படித்தான். ஆஸ்பத்திரி ஆபீஸில் எனக்குக் கொடுத்தது நாலு வரி. இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதி வரை வேலை பார்த்தார், நடத்தை நன்று, அவ்வளவுதான். அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. என்னென்ன டெஸ்ட், எந்த அனலைசர், குவாலிட்டி கன்ட்ரோல் யார் பார்த்தது, யாருக்குக் கீழே வேலை என்று நானே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய், பத்தாலஜிஸ்ட்டை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

இனிஷியல் பிரச்சினை தனி. என் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து சர்நேம் ஆகிவிட்டது. சர்ட்டிபிகேட்டில் ஒருவன், பாஸ்போர்ட்டில் இன்னொருவன். நோட்டரியிடம் அபிடவிட் வாங்கி இருவரும் ஒருவரே என்று நிரூபித்தேன். அதன் பலனாக இங்கே எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மூணாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தியவர் அவர். அவர் பெயர் லண்டன் ரெஜிஸ்டரில் ஏறியது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வில் மொத்தத்தில் 7 வேண்டும், எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது. முதல் தடவை ரைட்டிங்கில் 6. இரண்டாவது தடவை தாண்டிவிட்டேன். விண்ணப்பக் கட்டணம் ஐந்நூறு பவுண்டை ஒட்டி வந்தது, நிராகரித்தாலும் திரும்பி வராது. அனுப்பிச் சில மாதம் கழித்து வந்த பதிலில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. ஹிஸ்டோபத்தாலஜியில், அதாவது திசுவை மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவிப் பார்க்கும் பிரிவில், போதுமான அனுபவம் தெரியவில்லை, கூடுதல் ஆதாரம் வேண்டும் என்றிருந்தது.

அதுவும் உண்மைதான். போஸ்டிங் சார்ட்டில் ஹிஸ்டோபத்தாலஜிக்கு இரண்டே வாரம். அந்த இரண்டு வாரத்திலும் நாங்கள் செய்தது பார்மலின் ஊற்றியது மட்டும். ஏஜென்ட் ஒருவர் "எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நான் ரெடி பண்ணித் தர்றேன்" என்று போனில் சொன்னார். சபலம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மாட்டினால் இந்த ஜென்மத்தில் இங்கே பதிவு கிடைக்காது என்ற பயம்தான் காப்பாற்றியது. மேனேஜரிடம் கேட்டு, என் ஓய்வு நாட்களில் அதே ஆஸ்பத்திரியின் ஹிஸ்டாலஜி லேபில் ஆறு வாரம் போய் நின்றேன். மெழுகுக் கட்டியை மைக்ரோடோமில் சீவும்போது மூன்று மைக்ரான் தகடுகள் ரிப்பனாக நீளும். அதைத் தூரிகையால் எடுத்து வெந்நீரில் சுருங்காமல் மிதக்க விட வேண்டும். முதல் பத்து நாள் என் ரிப்பன் எல்லாம் இடியாப்பம்தான். தினமும் என்ன செய்தேன், எது சரியாக வரவில்லை என்று எழுதி, அங்கிருந்த சீனியரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

2020 ஜூலையில் பதிவு வந்தது. ரெஜிஸ்டர் எல்லோருக்கும் திறந்தது. சர்நேமும் தொழிலும் தட்டினால் யாரும் பார்க்கலாம். நம்பர் பி.எஸ். என்று ஆரம்பிக்கும். மனைவி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். அம்மா போன் செய்து, "இது வேலை ஆர்டராப்பா?" என்றாள். இல்லம்மா, நம்பர் என்றேன். "நம்பருக்கா ரெண்டு வருஷம்?" என்றாள்.

அக்டோபரில் பேண்ட் 5 பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் ஆனேன், பயோகெமிஸ்ட்ரியில். நாலு மாதம் கழித்து ஒரு நைட் ஷிப்டில் சறுக்கினேன். வார்டிலிருந்து வந்த சாம்பிளில் பொட்டாசியம் 6.9, ஆபத்தான உயரம். ரத்த அணு உடைந்திருந்தால் பொட்டாசியம் ஏறும் என்பது பாலபாடம், ஹீமோலிசிஸ் இண்டெக்ஸைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. என் லாகினில் ஆதரைஸ் செய்து வார்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சொன்னதில் ஒரு பெருமைகூட. பக்கத்து பெஞ்சில் இருந்த சீனியர் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துவிட்டு, "கால்சியம் போட்டுப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். போட்டேன். 1.0, நம்ப முடியாத அளவு குறைவு. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் இருக்க, பொட்டாசியம் இ.டி.டி.ஏ. என்கிற ரசாயனம் கலந்திருக்கும். அது பொட்டாசியத்தை ஏற்றும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். யாரோ ஊதாக் குழாயிலிருந்து இந்தக் குழாய்க்கு ரத்தத்தை மாற்றி ஊற்றியிருக்க வேண்டும். ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். வார்டில் இன்சுலினும் குளுக்கோஸும் கலந்து தயாராக வைத்திருந்தார்கள், இன்னும் ஏற்றவில்லை. மறு சாம்பிளில் பொட்டாசியம் 4.2.

நானே இன்சிடென்ட் ரிப்போர்ட் போட்டேன். வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை. எச்.சி.பி.சி. விசாரணைத் தீர்ப்புகள் பெயரோடு இணையத்தில் வரும், விடிய விடிய அவற்றைப் படித்தேன். நான் படித்தவற்றில் பெரும்பாலும் மறைத்தது, பொய்க் கணக்கு எழுதியது, சொல்லியும் திருந்தாமல் திரும்பத் திரும்பச் செய்தது. ஒரு ராத்திரி ஒரு தப்பு செய்து, உடனே சொன்னவனுடைய கதை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. மறுநாள் மேனேஜரும் அதையேதான் சொன்னார், நீ சொல்லாமல் விட்டிருந்தால்தான் நான் வேறு பாரம் எடுத்திருப்பேன் என்று. இந்தத் தடவை ரிசல்ட்டும் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. இப்போதும் பொட்டாசியம் காரணமில்லாமல் ஏறி நின்றால் என் விரல் தானாகக் கால்சியத்துக்குப் போகும்.

பதிவை இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் தொழிலுக்கு நவம்பர் கடைசிதான் கெடு. அப்போது நூற்றுக்கு இரண்டரைப் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, இரண்டு வருடத்தில் என்ன கற்றுக்கொண்டாய், காட்டு என்பார்கள். 2023இல் எனக்கு விழுந்தது. லாட்டரியில் ஒரு ரூபாய்கூட விழாதவன் நான். மணிக்கணக்கு, பாயிண்ட் என்று எதுவும் இதில் இல்லை. தேதி வாரியாகப் பட்டியல் வேண்டும். உன் வேலை என்ன என்று ஐந்நூறு வார்த்தைக்குள், கற்றது வேலைக்கும் நோயாளிக்கும் எப்படிப் பயன்பட்டது என்று ஆயிரத்து ஐந்நூறு வார்த்தைக்குள் எழுத வேண்டும். கூட வேலை பார்க்கிறவர்கள் கருத்தரங்கு சர்ட்டிபிகேட்டாகச் சேர்க்கச் சொன்னார்கள். என்னிடம் அது நாலுதான் இருந்தது. பொட்டாசியம் ராத்திரிக்குப் பிறகு இந்த இரண்டு வருடத்தில் அதைத் தவிர்க்க நான் படித்தது, புதிதாகச் சேர்ந்த எம்.எல்.ஏ.க்களுக்கு, எந்தக் குழாயில் முதலில் ரத்தம் எடுப்பது என்கிற குழாய் வரிசை பற்றி நடத்திய அரை மணி நேர வகுப்பு, வார்டுக்கு ஒட்டக் கொடுத்த ஒரு பக்கத் தாள், எல்லாவற்றையும் டைரியில் அன்றன்றைக்கே குறித்திருந்தேன். அதைத்தான் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். டைரி இல்லையென்றால் இரண்டு வருடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்பனை செய்ய வேண்டியிருந்திருக்கும்.

இதைவிடச் சின்ன விஷயத்தில் கவிழ்ந்தவர் உண்டு. கூட வேலை பார்த்த ஒருவர் வீடு மாறியபோது ஈமெயிலும் பாங்க்கும் மாற்றினார், எச்.சி.பி.சி.க்குச் சொல்லவில்லை. புதுப்பிக்கும் அறிவிப்பு பழைய ஈமெயிலுக்குப் போனது. டிசம்பரில் ஒரு நாள் காலை ரெஜிஸ்டரில் பெயர் இல்லை. பதினைந்து வருட அனுபவஸ்தர், திரும்பப் பெயர் ஏறும் வரை சில வாரம் ரிசப்ஷனில் ஸ்டிக்கர் ஒட்டினார். குழந்தைக்காக வேலையை விடும் தோழிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு வருடத்துக்கு மேல் விட்டால் திரும்ப வர முப்பது நாள் பயிற்சி காட்ட வேண்டும், ஐந்து வருடம் தாண்டினால் அறுபது நாள்.

இங்கேயும் எல்லோருக்கும் சட்டப் பதிவு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். டயாலிசிஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவர் கிளினிக்கல் டெக்னாலஜிஸ்ட். அந்தப் பெயர் எச்.சி.பி.சி.யில் இல்லை. அவர்களுக்குத் தனியாக விருப்பப் பதிவேடு ஒன்று உண்டு, சேரலாம், சேராமலும் இருக்கலாம். தண்ணீர்ச் சுத்திகரிப்பில் தப்பு நடந்தால் ஒரு வார்டே படுத்துவிடும் வேலை அது.

அப்புறம் நம் ஊர். 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் அலைட் அண்ட் ஹெல்த்கேர் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. நர்ஸுக்கு 1926, எங்களுக்கு 2021. மனைவி இதைச் சொல்லிக் காட்டாத மாதம் இல்லை. லேப், ரேடியாலஜி, டயாலிசிஸ், அனஸ்தீசியா டெக்னீஷியன் என்று எல்லோரையும் சேர்த்துப் பத்துப் பிரிவுகள், மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், ஒரு பதிவேடு. அலைட் என்றால் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு, ஹெல்த்கேர் புரொபஷனல் என்றால் 3600 மணி நேரம். சட்டம் வந்த வேகத்தில் கவுன்சில்கள் வரவில்லை. 2024இல் உச்ச நீதிமன்றமே கெடு வைக்க வேண்டியிருந்தது.

போன வாரம் மதுரையிலிருந்து என் ஜூனியர் ஒருவன் கூப்பிட்டான். டி.எம்.எல்.டி. என்கிற லேப் டிப்ளமோ முடித்தவன், என் பழைய பெஞ்சில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறான்.

"அண்ணே, பதிவு பண்ணணும்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. ரெண்டாயிரம் மணி நேரம் படிச்சேன்னு நான் எதைக் காட்டுறது? காலேஜை வேற இழுத்து மூடப் போறாங்களாம்."

போஸ்டிங் சார்ட் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்று கொடுத்த ஞாபகமே இல்லை என்றான். ஆபீஸில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் இருக்குமே என்றேன். "இருக்கும்ணே, எல்லாம் சூப்பிரண்டு பீரோல. ஆனா அவர் வர்ற மாசம் ரிட்டயர் ஆகுறாரு."

நாளைக்கு லீவ் போடு, காலையில் பத்து மணிக்கு அவர் முன்னால் போய் நில், ஜெராக்ஸுக்குக் காசும் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.